பழைய எண் 35

பகலெல்லாம் இரணியலில்
ஆதாரம் டைப் அடிக்கிறேன்.
பழைய சர்வே 1746க்கு
ரீசர்வே பி 4-ல் 23,
அதில் தென்பாகம் ஏழே முக்கால் சென்ட்.
விரல் தானாக ஓடும்.

இரவில் அதே விரல்
ததேயு எழுதிப் போட்டுவிட்டுப் போன
பிளகினைத் திறக்கிறது.
(ததேயு இப்போது பஹ்ரைனில், கப்பல் பட்டறையில்.)
முந்நூற்றுப் பன்னிரண்டு மஞ்சள் கோடுகள்.
எல்லாவற்றிலும் ஒரே சொல்:
கைவிடப்பட்டது.
கைவிடப்பட்டது, ஆனாலும் ஓடுகிறது,
குலசேகரம் போகும் கடைசி பஸ் மாதிரி.
அடுத்த பதிப்பில் ஓடாதாம்.

அவன் காலத்தில் பொருளுக்குப் பெயர் கிடையாது.
17 என்றால் தடி.
35 என்றால் கம்பளி.
35, முக்காற்புள்ளி, 14 என்றால்
சிவப்புக் கம்பளி.
அவனுக்கு மனப்பாடம். எனக்கு?

துணிந்து எண்களையெல்லாம் அழித்தேன்.
அருமனைப் பையன்கள்
ஐந்து வருஷமாகக் கட்டிய கோட்டையில்
சுவர் நின்ற இடத்தில் காற்று.
கதவு நின்ற இடத்தில் காற்று.
மூன்றாம் மாடியில் கட்டியிருந்த ஆடு மட்டும்
அந்தரத்தில் நின்று
என்னைப் பார்த்தது.

பேக்கப்பைத் திரும்ப ஏற்றினேன்.
கட்டஞ்சாயா ஆறியது. வெளியே மழை.
யுபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது.
எந்த ஆதாரத்திலும்
பழைய நம்பரை நாங்கள் வெட்டுவதில்லையே,
வெட்டினால் முன்னாதாரம் அனாதையாகிவிடுமே
என்று அப்போதுதான் உறைத்தது.

பழைய எண் 17க்குப் புதுப் பெயர் தடி.
பழைய எண் 35க்குப் புதுப் பெயர் கம்பளி,
உட்பிரிவு 14க்கு நிறம் சிவப்பு.
வாசிக்கும்போது பழையதும் செல்லும்,
எழுதும்போது புதியது மட்டும்.
விடியும்வரை அட்டவணை.

212 மட்டும் எதற்கும் பொருந்தவில்லை.
ததேயுவிடம் கேட்டேன்.
வெல்டிங் இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது:
"அதா? ஓர்ம இல்ல மக்கா.
சும்மா போட்டிருப்பேன்."

சும்மா போட்டதைக்
காற்றாக்க மனசு வரவில்லை.
சாம்பல் நிறத்தில் ஒரு கல் செய்து
அதன் நெற்றியில் எழுதினேன்:
புறம்போக்கு.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம்,
அருமனையிலிருந்து ஒரு மெசேஜ்:
"அக்கா, தெக்கு மதில்ல ஒரு கல்லு,
புறம்போக்குன்னு இருக்கு.
நான் எடுத்துக்கிடலாமா?"

பட்டா கிடையாது,
அனுபவ பாத்தியம் உண்டு
என்று பதில் போட்டேன்.
212க்கு எதிரே
கேள்விக்குறி அப்படியே இருக்கிறது.