முட்டு

கிராபிக்ஸ் கார்டு தொய்ந்துவிட்டது.
வாங்கி ஏழு வருடம்.
எடை தாங்காமல் ஒரு மூலை கீழே இறங்க,
காலாவதியான ஈஸி-லிங்க் அட்டைகள் மூன்றை
ரப்பர் வளையம் போட்டு நிற்கவைத்து
முட்டுக் கொடுத்திருக்கிறேன்.
விசிறிகளில் ஒன்று
தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல் கரகரக்கும்.

இரவு ஒன்றிலிருந்து நாலரை வரை
சுரங்கத்தில் தண்டவாளம் பார்ப்பது என் வேலை.
கடைசி ரயில் போன பிறகுதான் எங்களுக்குப் பொழுது விடியும்.
ஐந்தே முக்காலுக்கு புக்கிட் பாத்தோக் வீடு,
குளியல், ஒரு குவளை மைலோ,
பிறகு அந்த நகரம்.
திரைக்குள் ஓயாமல் மழை பெய்யும் நகரம்.
பாலத்தின் நடுவில் ஹஸ்வான் காத்திருப்பான்.
சாங்கியில் இரவெல்லாம் பெட்டி ஏற்றுகிறவன்,
நேரில் பார்த்ததில்லை.
"குட்டைல என் முகம் தெரியுது பாரு" என்றான் ஒருநாள்,
புது கார்டு வாங்கிய வாரம்.
என் குட்டையில் சாம்பல் நிறம் மட்டும்.
நொடிக்கு இருபத்து மூன்று படம்.

சிம் லிம் ஸ்குவேர், நான்காம் மாடி.
திரு கோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
பவர் சப்ளை எத்தனை வாட்?
ஐந்நூற்றைம்பது.
அதையும் மாற்றணும்.
மானிட்டர்?
பழசு. அறுபது ஹெர்ட்ஸ்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை, இருமினார்.
ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்பது,
அதன்மேல் ஒரு நூற்றெழுபது,
அதன்மேல் அந்த இருமல்.
பன்னிரண்டு தவணையிலும் கட்டலாமாம்.
பையிலிருந்த கடன் அட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.
தமிழில் அதற்குச் சரியான பெயர்தான் வைத்திருக்கிறார்கள்:
கடிக்கும்போது வலிக்காது.

அருள்வேந்தனிடம் சொன்னேன்.
"உன் காசு, உன் இஷ்டம்" என்றான்
சட்டை மடித்துக்கொண்டே.
வேண்டாம் என்று சொல்லியிருந்தால்
அன்றைக்கே வாங்கியிருப்பேன்.

இரண்டு வாரமாக இணையக்கடைக் கூடையில் கிடக்கிறது.
பத்து டாலர் ஏறும், பதினைந்து இறங்கும்.
டார்ச் அடித்து போல்ட் எண்ணும்போதும் அதே நினைப்பு.
தண்டவாளத்தை நாங்கள் இப்படியா மாற்றுகிறோம்?
அளவுகோல் வைப்போம்,
தேய்மானம் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுவோம்,
வரம்பு தாண்டினால் மாற்று,
தாண்டாவிட்டால் அடுத்த மாதம் பார்.
குட்டையில் முகம் தெரியாமல் இருப்பது
எத்தனை மில்லிமீட்டர்?

போன செவ்வாய் விடிகாலை மழை.
பிளாக்குக்குக் கீழே, சைக்கிள் நிறுத்துமிடத்தருகே
நிஜமான ஒரு குட்டை.
தாழ்வார விளக்குகள், துணி காயும் கம்புகள்,
என் மஞ்சள் ஹெல்மெட்,
எல்லாம் துல்லியம், ஒரு திக்கல் இல்லை.
குனிந்து நின்றேன்.
இப்போது ஏதாவது புரிந்துவிடும் என்று காத்திருந்தேன்.
வாங்காதே என்று குட்டை சொல்லவில்லை.
காலுறை நனைந்ததுதான் மிச்சம்.
சொல்லப்போனால்
ஆசை கொஞ்சம் கூடித்தான் இருந்தது.

மாடிக்கு வந்து பெட்டியைத் திறந்தேன்.
சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் பிரஷ்ஷால்
ஏழு வருடத் தூசியைக் கிளப்பினேன்.
விசிறி இடுக்கிலிருந்து
எலிக்குஞ்சு அளவில் ஒரு பஞ்சுருண்டை.
சூடு பதினொரு டிகிரி இறங்கியது.
கரகரப்பு நின்றது.
இருபத்து மூன்று இருபத்தொன்பது ஆனது.
குட்டை இன்னும் சாம்பல்தான்.

"ஏன் லேட்டு?"
"தூசி."
பாலத்தில் நின்றுகொண்டு கேட்டேன்,
உன் குட்டையில் நான் எப்படித் தெரிகிறேன் என்று.
கொஞ்ச நேரம் பதிலில்லை. குனிந்து பார்க்கிறான் போல.
"தலைகீழா" என்றான்.
"சிவப்புத் தொப்பி. முதுகுல ஏதோ கிழிஞ்சிருக்கு.
பக்கத்துல நான்."

என் முதுகில் கிழிசல் இருப்பது
எனக்கே தெரியாது.

கூடையைத் திறந்தேன். பத்து டாலர் ஏறியிருந்தது.
வாங்கவில்லை, நீக்கவுமில்லை.
முட்டுக்கு நின்ற மூன்று அட்டைகளையும்
ஒரு நூலளவு
இடப்பக்கம் நகர்த்திவைத்தேன்.