கொடியில் தொங்கும் எழுத்து

எங்கள் லாட்ஜுக்கு வங்காளத்தில் பலகை எழுதியவர்
புதுப்பேட்டை டில்லிபாபு.
படிக்கத் தெரியாது. பார்த்து வரைந்தார்.
"மேல ஒரு கொடியக் கட்டி
துணி காயப்போட்ட மாதிரி இருக்குதும்மா
இவங்க எழுத்து."
அன்றிலிருந்து கிரீம்ஸ் சாலைச் சந்தில்
எங்கள் பெயரும் காய்ந்துகொண்டிருந்தது.

நான் அந்த மொழியை வலியிலிருந்து கற்றேன்.
"கொத்தாய் பேத்தா?" எங்கே வலிக்கிறது?
முதல் நாள் என் காதில் அது
கொத்தாய்க் காய்த்த ஏதோ ஒரு பழம்.
வாந்தி, ரத்தம், ஸ்கேன், சில்லறை.
இவ்வளவு தெரிந்தால் போதும்,
ராத்திரி ரெண்டு மணிக்கும் ஒரு தேசத்தோடு பேசலாம்.

ராஜ்ஷாஹியிலிருந்து மொஃபஸ்ஸல் ஐயா. கணையம்.
கூட வந்த மகள் ரொக்கேயா
கடல் மீனெல்லாம் ஒரு மீனா என்று சண்டை போட்டாள்.
கடுகெண்ணெய் தேடி
சௌகார்பேட்டை முழுக்க என்னை இழுத்துப் போனாள்.
பதிலுக்கு ரசம் வைக்கச் சொல்லித்தந்தேன்.
மருந்து என்றே நம்பி
மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

மூன்றாம் கீமோவுக்குத் தேதி
ஆகஸ்ட் பன்னிரண்டு.

ஐந்தாம் தேதி வரவேற்பறை டிவியில்
அவர்கள் ஊர் அரண்மனைக்குள் ஜனம்.
ஒருவன் மீனோடு வெளியே வந்தான்.
நாலாம் அறைக்காரர் அழுதார்.
ஏழாம் அறைக்காரர் எல்லாருக்கும் லட்டு தந்தார்.
இருவருக்கும் ஒரே டாக்டர்.
லட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல்
வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

"தம்பி ஊர்வலத்துல இருந்தான், ஜெயிச்சிட்டோம் அக்கா"
ரொக்கேயாவின் குரல், போனில், மூச்சிரைக்க.
"அப்பா உங்க ரசத்தைக் கேக்குறார்."

விசா மட்டும் வரவில்லை.
நானும் அவளும் எதிரிகள் என்பதை
இங்கே ஒரு சேனலும் அங்கே ஒரு சேனலும்
தினம் ஒன்பது மணிக்கு விளக்கின.
அவர்கள் கொடி அதேதான். நிறம்கூட மாறவில்லை.
கவுன்ட்டரில் ஷட்டர்.

டிசம்பரில் முதலாளி சொன்னார்:
"வீண் வம்பு. வெள்ளை அடிச்சிட்டு அரபியில எழுது.
ஓமன்காரங்க வர்றாங்க."
டில்லிபாபு ஒரு கோட்தான் அடித்தார்.
இன்னொரு கோட்டுக்குக் காசு கேட்டார், கிடைக்கவில்லை.
மழை நனைத்தால்
அடியிலிருந்து அந்தக் கொடி தெரிகிறது.

ரசத்துக்கு எத்தனை மிளகு என்று
வாரம் ஒரு முறை கேட்பாள்.
பிப்ரவரிக்குப் பிறகு கேட்கவில்லை.

ஐயாவின் ஃபைல் என் இழுப்பறையில் இருக்கிறது.
ஆட்டோவில் ஏறுகையில், அவர் கடைசியாகச் சொன்னது
"ஆஷி."
போகும்போது அவர்களும்
வரேன் என்றுதான் சொல்கிறார்கள்.