பன்னிரண்டு பாகை

முதலில் வந்தது ஆங்கிலம்.
ஜாலான் புசார் மாடியறையில்
பெங் கியாட் அதை வரைந்து முடித்திருந்தான்:
தடித்த உடம்பு, மயிரிழை இடுப்பு,
கால் நுனியில் சீவியதுபோல் செரிஃப்,
எல்லாமே வலப்பக்கம் பன்னிரண்டு பாகை,
எதிர்மழையில் குடை பிடித்து நடப்பவர்கள் மாதிரி.
"தமிழில் இதற்கு ஒரு தங்கச்சி வேணும்" என்றான்.
தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது,
நகைக்கடைக்காரருக்கு நாலு.

சாய்க்க ஒரு பொத்தான் உண்டு.
அழுத்திப் பார்த்தேன்.
ட, பாதி மூடிய மடிக்கணினி ஆனது.
புள்ளிகள் முட்டைகளாயின.
மூன்று சுழி ண
மூன்றும் அடைத்துக்கொண்டு
ஒரே கறுப்புக் கட்டி.
"சட்டியில் கருகிப்போன ஆம்லெட்" என்றான்
தமிழ் படிக்கத் தெரியாத பெங் கியாட்.
சரியாகத்தான் படித்திருந்தான்.

பொத்தானை விட்டுவிட்டுப்
பென்சிலுக்கு வந்தேன்.
ழவின் வாலை முன்னால் வீசவிட்டேன்.
சுழிகளுக்குள் அரிசி நுழையும் அளவு
வெள்ளை வைத்தேன்.
புள்ளியை மட்டும் சாய்க்கவில்லை.
ஓடுகிறவனுக்கும் தலை உருண்டைதானே.
ஐந்து நாளைத் தின்றது ண்ணு:
ஆறு சுழி, ஒரு தலை, ஒரு கொக்கி,
ஒன்றின் விலாவில் இன்னொன்றின் முழங்கை,
நெரிசல் நேரத்து எம்ஆர்டி.

பயன்பாட்டுக் குறிப்பும் நானே எழுதினேன்.
தலைப்புகளுக்கு மட்டும்.
முப்பத்தாறு புள்ளிக்குக் கீழே வேண்டாம்.
பத்தி பத்தியாக ஓட்டாதீர்கள்,
படிப்பவருக்கு மூச்சு வாங்கும்.
இரங்கல் அறிவிப்புக்கு ஆகாது.

சிராங்கூன் சாலையில் ஆளுயரத்துக்குத் தொங்கியது
தள்ளுபடி.
அதில் தள்ளு நிஜமாகவே தள்ளியது;
கூட்டம் படியில் நின்றது.
பிறகு எங்கெங்கோ போனது எழுத்து.
ஒரு பல் மருத்துவர்
வலியே இல்லை என்று அச்சடித்தார்.
அந்தத் தடிமனில், அந்தச் சாய்வில்
யார் நம்புவார்கள்?
மளிகை லாரி ஒன்றின் இரு பக்கமும் எழுதியிருந்தார்கள்.
ஓட்டுநர் பக்கம் முன்னே பாய்ந்தது,
மறுபக்கம் பிரேக் போட்டது.
வண்டி என்னவோ ஒரே வேகத்தில்தான் போனது.

மார்ச்சில், வேலை முடிந்து வருகையில்,
தோ பாயோவில் என் புளோக்கின் கீழ்த்தளத் தூணில்
ஏ4 தாள், நாலு மூலையிலும் செலோட்டேப்.
அமரர் கண்ணுசாமி.
என் எழுத்து.
இருபத்தெட்டுப் புள்ளிகூடத் தேறாது.
கீழே அம்புக்குறி இடப்பக்கம் காட்ட
பெயர் வலப்பக்கம் விரைந்துகொண்டிருந்தது.
மாலையோடு வந்த இருவர்
லிஃப்ட் பக்கம் நாலடி வைத்து
நின்று, தாளை இன்னொரு தரம் பார்த்துத்
திரும்பினார்கள்.

கோபம்தான் வந்தது முதலில்,
கல்யாணச் சட்டையில் துக்கத்துக்கு வந்தவனைப் பார்த்ததுபோல்.
கிட்டே போனேன்.
ண்ணுவில் இரண்டு ணவும் ஒட்டிக்கிடந்தன.
ஐந்து நாள் பார்த்தும் தப்பியது,
மலிவு அச்சில், மங்கிய மையில் தெரிந்தது.

டேப் ரோலை வளையலாக மாட்டியிருந்த பையன்
பக்கத்தில் வந்து நின்றான்.
"எழுத்துப் பிழையா அக்கா?
என் கம்ப்யூட்டர்ல தமிழ் இது ஒண்ணுதான் இருந்துச்சு."
இல்லை என்றேன்.
பிழைதான், உன்னுடையது இல்லை
என்பதைச் சொல்லவில்லை.
பிளாஸ்டிக் நாற்காலியில் சற்று உட்கார்ந்தேன்.
ஒன்பதாம் மாடிக்காரராம்.
லிஃப்டில் பார்த்திருப்பேன்,
பெயர் தெரியாமல்.

அன்றிரவு கோப்பைத் திறந்து
ண்-க்கும் ணு-க்கும் நடுவே
நான்கு அலகு இடம் விட்டேன்.
இரங்கல் பற்றிய வரியை அழிக்கலாமா என்று யோசித்து
அப்படியே விட்டேன்.
பதிப்பு 1.1.
மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு;
எப்போதும் காலியாக விடுவேன்.
கண்ணுசாமி என்று தட்டினேன்.

காலையில் பெங் கியாட் கேட்டான்,
திரையில் அந்த ஆறு சுழியைக் காட்டி:
"யார் இது, புது வாடிக்கையாளரா?"
ஆமாம் என்றேன்.