புதன்கிழமை டோக்கன்

வெள்ளகோவில் ஆஸ்பத்திரியில்
பல் டாக்டருக்கும் நாய்க்கடி ஊசிக்கும் நடுவே
புதன் மட்டும் திறக்கும் கதவு.
பலகை கிடையாது.
"வேன் வந்துருச்சுங்களா?" என்றால்
வாட்ச்மேன் கை காட்டுவார்.

பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு
தேங்காய்க் களத்து நாச்சிமுத்து.
"எங்கீங்க இந்நேரத்துல?"
"சுகர் மாத்திரைங்க. நீங்க?"
"அதேதானுங்க."
இறங்கி அவர் கிழக்கே போனார், நான் மேற்கே.
ஊரைச் சுற்றி
ஒரே பெஞ்சுக்கு வந்து சேர்ந்தோம்.
அவர் பதினாலு. நான் பதினஞ்சு.

எதிரே ஒன்பதாவது படிக்கும் பையன்.
புருவத்தை முடிமுடியாய்ப் பிடுங்கி முடித்திருந்தான்.
அம்மா மையால் வரைந்து கூட்டி வந்திருந்தாள்,
ஒன்று கொஞ்சம் மேலே ஏறி
எதையோ கேட்பதுபோல் இருந்தது.

வெகுநேரம் கழித்து நாச்சிமுத்து கேட்டார்:
"மோட்டர் ரூம் பூட்டை ராத்திரி
எத்தன தடவ போய்ப் பாப்பீங்க?"
"எனக்குப் பூட்டு இல்லீங்க. தறிச் சத்தம்.
தறிய வித்து மூணு வருசமாச்சு,
இன்னும் ஓடுது."
"ஓ" என்றார்,
கொப்பரை விலை கேட்ட மாதிரி.

"பதினாலு!"
எழுந்தவர் நின்றார்.
இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
"வர்ற வரைக்கும் பத்திரமுங்க."

கதவு சாத்தியது.
சட்டைப் பையில் போட்டேன்.
அவருக்காக
நாலு தடவை தொட்டுப் பார்த்தேன்.