நாற்பத்தோராம் கட்டம்

மேலே உயிர். பக்கத்தில் மெய்.
ஒவ்வொன்றும் ஒரு தடவைதான்.
சந்திக்கும் பெட்டிகளைக் கோத்தால் ஒரு சொல்.
அவ்வளவுதான்.
சீனக்குடா மாவுக் களஞ்சியத்தில்
இரவுக் கணக்கு எழுதிய பதினொரு வருடத்தில்
நான் செய்த ஒரே பொருள்.

ஆய்தக் கட்டம் என்று பெயர் வைத்தேன்.
நூறு புதிர், ஒரு புத்தகம், முன்னூறு பிரதி.
இருநூற்று எழுபது என் கட்டிலுக்கடியில்.

பிறகு எங்கிருந்தோ வந்தார்கள்.
கிண்ணியாவிலிருந்து, உவர்மலையிலிருந்து,
டொரொண்டோவில் பனி வழிக்கிற ஒருவன்கூட.
முப்புள்ளியார் என்று தங்களுக்குப் பெயர்.
கைப்பேசிக்குக் கைப்பேசி என் நூறும் போயிற்று,
விடைகளோடு.
அதன்பின் அவர்களே போட்டது தொள்ளாயிரத்துச் சொச்சம்.
என் கட்டம், என் விதி, நான் வைத்த பெயர்.
நான் மட்டும் இல்லை.

சட்டத்தரணி ஜெயசோதி கண்ணாடியைக் கழற்றினார்.
"விதிக்கு உரிமை கிடையாது, தம்பி.
விதியை நீங்கள் எழுதின வசனத்துக்கு உண்டு."
எண்ணிப் பார்த்தேன். பதினாறு சொல்.
பதினாறு சொல்லுக்காக ஒரு கடிதம்
பதிவுத் தபாலில் போனது.

சனிக்கிழமை மத்தியஸ்த சபை.
டொக்யார்ட் வீதிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு.
சின்ன வாங்கு. முழங்கால் நெஞ்சில் இடிக்கிறது,
எல்லாருக்கும்.
கரும்பலகையில் வெள்ளிக்கிழமையின் கழித்தல் கணக்கு.
எதிரே முஃப்லிஹா, ஐஸ் ஃபெக்டரிக் காசாளர்.
கையில் என் புத்தகம், விலைக்கு வாங்கியது,
அந்த முப்பதில் ஒன்று.
முதுகு பிய்ந்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

மன்னிப்புக் கேட்பாள் என்றிருந்தேன்.
நாற்பத்தோராம் பக்கத்தை விரித்தாள்.

"த், ச். அ, ஐ.
எலும்புக்கு மேலே, தோலுக்குக் கீழே.
உங்கட விடை தசை.
சதையும் சரிதானே, சேர்?"

மின்விசிறி சுற்றியது.
மத்தியஸ்தர் மூவரில் ஓய்வுபெற்ற தபாலதிபர்
உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தார்:
தசை. சதை. தசை.

அச்சடித்து எட்டு வருடம்.
அத்தனை நாளும் அது அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.
நான் வைக்கவில்லை.
வைக்காததை எந்தப் பதினாறு சொல்லால் கேட்பது?

"பிழைதான்" என்றேன். "திருத்திவிடுகிறேன்."
பதறிப்போனாள்.
"வேண்டாம் சேர்.
நாங்கள் எல்லாரும் அதிலதான் தொடங்கினது."

அடுத்த மாதம் என்று தபாலதிபர் எழுதினார்.
வெளியே என் சைக்கிள் கூடையில் வாய் வைத்து
ஒரு மான் கடிதத்தின் பிரதியை மென்றுகொண்டிருந்தது,
முத்திரைப் பக்கம் முதலில்.
விரட்டவில்லை.

இரவு, யாருக்கும் சொல்லாமல்,
அவர்கள் போட்டதில் ஒன்றை எடுத்தேன். முன்னூற்றுப் பன்னிரண்டு.
ப், த். ஆ, ஐ.
கிண்ணியாப் பாலம் வந்தபின் காணாமற் போனது.
பாதை.
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
பேனையை மூடினேன்.
திறந்தேன்.

தாபை. பைதா. தைபா.
மூன்று இரவாகிறது.
இன்னொன்று இருக்கிறதா என்று
அவளிடம் கேட்க முடியாது.
வழக்கு நிலுவையில் இருக்கிறது.