எழுபத்து நான்கு

ஆகஸ்ட். டோங்காட்டில் கரும்பு எரிக்கும் மாதம்.
கொடியில் காயும் வெள்ளைத் துணிமேலெல்லாம்
கறுப்புப் பனி.
ட்ரெய்லரில் கட்டி இழுத்து வந்தான் கிரீசன் மூட்லி:
"நூற்றுப் பத்து போன வண்டி, அக்கா.
எழுபத்து நான்கைத் தாண்ட மாட்டேன் என்கிறது."
எப்போதிலிருந்து என்றால் தோளைக் குலுக்குகிறான்.

சைடு-பை-சைடு. இரண்டே இருக்கை,
மேலே கூண்டுக் கம்பி, சேறு காய்ந்த நான்கு சக்கரம்.
புறப்பாட்டில் குறையில்லை. மேட்டில் இளைக்கவில்லை.
உச்சியில்தான்
யாரோ கையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

முதலில் எளியது.
ஏர் ஃபில்டரைத் தட்டினேன்: அரைப் படி சாம்பல்,
யார் வயலோ.
புதியது போட்டு ஓட்டினேன். எழுபத்தாறு.
இரண்டு கிலோமீட்டர் வேகத்துக்கு ஒரு முழு வயல்.

சைலன்சர் வலையில் அடைப்பில்லை.
பெட்ரோல் அழுத்தம் சரி. டயர் கடை விற்ற அளவுதான்.
சீட் பெல்ட் கொக்கி மாட்டாவிட்டால்
வேகத்தை மறுக்கும் வண்டிகள் உண்டு, இதுவும் அந்த ரகம்;
கொக்கியும் ஒழுங்காகத்தான் பேசுகிறது.

பிறகு கிளட்ச் மூடி. பத்து போல்ட்.
பேகானி டார்ச் பிடிக்க
வெர்னியரை பெல்ட்டின் முதுகில் வைத்தேன்.
முப்பது இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தேழரை.
அகலம் தேய்ந்த பெல்ட் கப்பியின் விளிம்புவரை ஏறாது;
பாதிப் படியில் நின்றுகொண்டு
இதுதான் மொட்டை மாடி என்று சாதிக்கும்.
உருளைகளும் ஒரு பக்கம் தட்டை.
"இதுதானோ?" என்றேன்.
"யேபோ" என்றான் பேகானி. அவனுக்குப் பசி.

புது பெல்ட், புது உருளை,
மறுபடி கரும்பு லாரிப் பாதை.
எண்பத்தொன்று.

மடிக்கணினியை மாட்டி மிதியைத் தரையோடு மிதித்தேன்.
திரை சொன்னது: திறப்பு, எழுபது சதம்.
இன்னும் அழுத்தினேன். எழுபது.
பூட்ஸைக் கழற்றி வெறுங்காலால்.
எழுபது.

முதுகு கான்கிரீட்டில், தலை மிதிக்கடியில்.
அங்கே நின்றது ஓர் எட்டு மில்லிமீட்டர் போல்ட்.
வாஷர், லாக் நட்,
முனையை அரத்தால் மழுக்கி
மேலே ஒரு ரப்பர் குல்லா, சத்தம் வராதிருக்க.
கிரீசன் கை இல்லை இது.
அவன் போடும் போல்ட்டெல்லாம் சாய்ந்தே நிற்கும்.

நாலு மணிக்குத் தொலைபேசி.
"நான் திரோஷா. வண்டி அங்கேதானே?
பெல்ட்டை மாற்றுங்கள். போல்ட் என்னுடையது."
அவள் பின்னால் ஏதோ குழாய் திறந்தே கிடந்தது.
"பக்கத்து இருக்கையில் உட்காருகிறவள் நான்."
வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
போன மே மாதம் அந்தக் கூண்டுக் கம்பிக்கு
வெல்டிங் வைத்தவள் நான்தான்.
இடப் பக்கம். அவள் பக்கம்.

எனக்கு வந்த தயக்கத்தையும் எழுதிவிடுகிறேன்.
வண்டி அவனுடையது. பணம் அவனுடையது.
குறையைக் கண்டுபிடி என்றுதான் சாவியைத் தந்தான்.
ஸ்பேனரை லாக் நட்டில் மாட்டி
தேநீர் ஆறிப் போகும் வரை படுத்தே கிடந்தேன்.

பில்லில் எழுதினேன்:
ஏர் ஃபில்டர் ஒன்று. பெல்ட் ஒன்று. உருளை எட்டு.
மிதிக்கடியில் போல்ட், பார்த்தது, இறுக்கியது,
கட்டணம் இல்லை.

கிரீசன் மொத்தத்தை மட்டும் பார்த்தான், கார்டைத் தேய்த்தான்.
"எண்பத்தொன்றா? ஏறியிருக்கிறதே. மீதி?"
"பில்லில் இருக்கிறது" என்றேன்.
சிரித்தான். ராண்டைச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான்.
நாலாய் மடித்து
பக்கத்து இருக்கைக்கு முன்னால் உள்ள பெட்டியில் போட்டு மூடினான்.

ட்ரெய்லரில் ஏற்ற பேகானி தோள் கொடுத்தான்.
சாம்பல் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.
இந்தக் காற்றுக்கு
புது ஃபில்டர் இரண்டு வாரம் தாங்கும்.