பன்னிரண்டு நிமிஷம்

உச்சிப்புளி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
என் ஜெராக்ஸ் கடை.
ஆதார் திருத்தம், பட்டா நகல்,
இங்கிலீஷ் கடிதம் தமிழில் சொல்ல முப்பது ரூபாய்.

சந்தியாகு ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டு
ஐஸ் கம்பெனிக் கடிதத்தை நீட்டினார்.
காலுக்குள் கம்பி வைத்த செலவைத் தரமாட்டார்களாம்.
காரணம் ஒற்றைச் சொல்: ஃப்ராலிக்.
வண்டி கவிழ்ந்தபோது அவர் வேலையில் இல்லையாம்,
ஃப்ராலிக்கில் இருந்தாராம்.

"அது எந்தூருண்ணே?" என்றாள் பிரகாசி.

அகராதி 'களியாட்டம்' என்றது.
சொன்னாலே பாட்டில் உருளும் சத்தம் கேட்கும்;
இந்த மனுஷன் சோடாவே யோசித்துக் குடிப்பவர்.
'துள்ளல்' என்றேன். அது மீனுக்கு,
அதுவும் வலைக்குள் விழுந்த பிறகு.
கும்மாளம், கூத்து, கொட்டம், ஆட்டம்...
எதை எடுத்தாலும் பின்னால்
ஒரு 'போடாதே' தொங்குகிறது, ஓர் 'அடிக்காதே'.
வாத்தியார் வாயில் கிடந்து கிடந்து
பிரம்பு வாசம் ஏறிய சொற்கள்.
"நேற்று நான் கும்மாளம் போட்டேன்" என்று
தன்னைப் பற்றித் தானே சொன்ன ஒரு பெரிய ஆளை
நான் இதுவரை பார்த்ததில்லை.

இங்கிலீஷில் ஆட்டுக்குட்டிக்கும் இதே சொல்தான்,
அலையில் நனைகிற பிள்ளைக்கும்.
வக்கீல் கைக்குப் போனதும்
டை கட்டிக்கொண்டு வருகிறது:
முதலாளி வண்டியில், முதலாளி சொல்லாத பாதை.

"அப்படி என்னதான் செஞ்சீக?"

பாம்பனில் ஐஸ் ஏற்றி தேவிபட்டினம் போகிற வழி.
சுந்தரமுடையானில் கை தானாக வலப்பக்கம் ஒடித்ததாம்,
அரியமான் சவுக்குக்குள்.
கரையில் நாலைந்து பொடிசுகள்.
ஏற்கெனவே மூலை உடைந்த பாளம் ஒன்றை இறக்கி
தண்ணீரில் விட்டிருக்கிறார்.
கடல் அன்றைக்குத் தட்டில் ஊற்றி வைத்த மாதிரி.
பாளத்தின்மேல் ஏறி உட்கார, அது வழுக்க,
இவர் விழ, பிள்ளைகள் இவர்மேல் விழ,
"தூரத்துல ரெண்டு ஓங்கில் வேற உருண்டுச்சு தம்பி."
நாற்பத்தேழு வயது. காக்கிச் சட்டையோடு.
பாளம் சோப்பளவு ஆகிற வரை.

திரும்பும்போது
வளைவில் மணல், ஈரச் செருப்பு, பிரேக்.

பன்னிரண்டு நிமிஷம் என்று
கம்பெனியின் ஜிபிஎஸ் குறித்து வைத்திருக்கிறது.

"எங்கிட்ட மாடு குறுக்க வந்துச்சுன்னுல்ல சொன்னாக."
பிரகாசி அவரையே பார்த்தாள்.
நான் கீபோர்டில் தூசி ஊதினேன்.
"உக்காந்தா சுடாது? ஐஸு?"
"மொதல்ல சுடும்," என்றார்.

பிறகு அவள்தான் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்:
ஐயா, எங்க வீட்டுக்காரர் விளையாடினது உண்மைதான்.
பன்னிரண்டு நிமிஷத்துக்கு என்ன கூலியோ
அதைப் பிடித்துக்கொள்ளவும்.
ஒரு பாளத்துக்கு என்ன விலையோ அதையும்.
அவர் திரும்பி வந்துகொண்டிருந்தது
உங்கள் ஐஸோடு, உங்கள் பாதைக்கு.
மீதியைத் தரவும்.

ஜெயிக்குமா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.
முப்பது ரூபாயை எண்ணி வைத்தாள்.
சந்தியாகு கோலை எடுத்துக்கொண்டு
வாசல்வரை போய் நின்றார்.
"தம்பி, அந்த வார்த்தையத்
தமிழ் எழுத்துல ஒரு சீட்டுல எழுதிக் குடேன்."
"எதுக்குண்ணே?"
"சும்மா."